பொதுப்பணமும் பிறர் பெயரும்

காவிரிப்பூம்பட்டினத்தில் ஐவகை மன்றங்கள் இருந்தன எனச் சிலப்பதிகாரம் செப்புகிறது. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். அங்கே வணிகரின் பண்டப் பொதிகள் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டு, பூட்டும் இன்றிக் காவலும் இன்றிக் கிடக்குமாம். எவனேனும் ஒருவன் களவாட எண்ணி அவற்றுள் ஒன்றைத் தலைமேல் ஏற்றினால், அச்சுமை அவனைக் கழுத்து நோக அவ்விடத்திலேயே சுற்றிச் சுற்றி வரச் செய்யுமேயன்றி, வெளியே கொண்டு செல்ல விடாதாம். மற்றொன்று பூதசதுக்கம். போலித் துறவியரையும், வஞ்சக அமைச்சரையும், பொய்ச்சான்று உரைப்போரையும் அங்குள்ள பூதம் கயிற்றால் பிணித்து உண்டுவிடும். பிறிதொன்று பாவை மன்றம். ஆட்சி நெறி பிறழ்ந்தால் அங்குள்ள கற்பாவை வாய் பேசாமல் கண்ணீர் வடிக்கும்.

புலவர்கள் இவற்றைக் கவிஞரின் கற்பனை என்று சொல்லிக் கடந்து போவதுண்டு. கற்பனையே ஆயினும், அந்நகரத்தார் எதற்கு அஞ்சினர் என்பதை இம்மன்றங்கள் நமக்குக் காட்டிக் கொடுக்கின்றன. வீடு புகுந்து திருடும் சிறு கள்வனுக்காக எழுந்த மன்றங்கள் அல்ல இவை. பொதுவிடத்தில் பலரது பொருள் கிடக்கும்போது அதன்மேல் கைவைப்பவன், பதவியில் இருந்துகொண்டு வஞ்சிப்பவன், நடவாததை நடந்ததாகச் சான்று கூறுபவன் ஆகியோருக்காகவே இவை எழுந்தன. புகார் ஒரு துறைமுக நகரம். பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் கலந்து வாழ்ந்த ஊர். சிற்றூரில் இன்னார் வீட்டுக் கிணறு, இன்னார் தோட்டத்து வேலி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கண் உண்டு. பெருநகரத்திலோ பொதுப்பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் எவருடையதும் அன்று. ஆகவேதான் அங்கே பூதம் தேவைப்பட்டது.

ஐதராபாத்து நகரில், அதிலும் தார்நாகாவில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். தொடர்வண்டித் துறைப் பணிக்கென வந்து மெட்டுகுடாவிலும் லாலாகுடாவிலும் தங்கியவர்கள், உசுமானியாப் பல்கலைக்கழகத்துக்கும் அதனை அடுத்துள்ள ஆய்வு நிலையங்களுக்கும் வந்தவர்கள் எனப் பல வழியாக இங்கே சேர்ந்த குடும்பங்கள் நாம். தார்நாகா என்பதற்கே கம்பிவேலியும் காவற்சாவடியும் உள்ள இடம் என்று பொருள் சொல்வர். வேலியும் காவலும் பெயரிலேயே இருப்பதால் மட்டும் ஓர் ஊர் காக்கப்பட்டுவிடுவதில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் பெரியோர் கேட்டது இதனால்தான். ஆனால் நான் இங்கே கேட்க விரும்புவது வேறொரு வினா. பொதுப்பணம் களவு போகும்போது உண்மையில் யாரிடமிருந்து எது களவு போகிறது?

நாட்டை உலுக்கும் பெரிய ஊழல்களை விட்டுவிடுவோம். அவற்றைப் பேசச் செய்தித்தாள்கள் இருக்கின்றன. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்னும் அடிமட்டத்தில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். அங்கே நடப்பது சிறிது என்று தோன்றும். ஆனால் அதன் உருவம் தெளிவாகத் தெரியும்.

சென்னை மாநகராட்சி மிகப் பழையது. 1687இல் பிறந்த சாசனத்தின்படி 1688இல் தொடங்கப்பெற்றது. அப்படிப்பட்ட மாநகராட்சியில் 1970களின் தொடக்கத்தில் வெடித்ததுதான் மஸ்டர் ரோல் ஊழல் எனப்பட்டது. மஸ்டர் ரோல் என்பது நாட்கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு. இன்ன நாளில் இன்னார் வேலைக்கு வந்தார், இவ்வளவு கூலி பெற்றார் என்று எழுதி, எதிரில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொள்ளும் ஏடு. வேலைக்கே வராதவர் பெயரிலும், இல்லாத ஆட்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டுப் பணம் எடுக்கப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. 1973ஆம் ஆண்டில் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தது.

கலைத்தது சரி. அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு அடுத்த தேர்தல் 1996இல் நடந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! இடையில் மாநிலத்தில் ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, மன்றம் மட்டும் திரும்பவில்லை. மன்றம் கலைந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகும் வயது வரும்வரை தன் வட்டத்துக்கு ஓர் உறுப்பினர் உண்டு என்பதையே அறியாமல் வளர்ந்தது. பொய்ப்பெயர் எழுதியவர்கள் சிலர். தண்டனை பெற்றவர்களோ நகரத்தார் அனைவரும். கள்வன் புகுந்தான் என்பதற்காக வீட்டுக்காரரை வீட்டைவிட்டு வெளியேற்றியதைப் போன்றது இது. இத்தகைய நிலை இனி வரக்கூடாது என்றுதான் 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், கலைக்கப்பட்ட நகரமன்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று விதித்தது. விதித்தும் என்ன? 2016இல் பதவிக்காலம் முடிந்த சென்னை மன்றத்துக்கு 2022இல்தான் அடுத்த தேர்தல் வந்தது. நம் ஐதராபாத்தும் இதில் குறைந்ததன்று. 1991க்குப் பின் 2002 வரை இங்கே மன்றம் இல்லை. தனி அலுவலர்களே ஆண்டனர். மன்றம் இல்லாத காலத்தில் ஊழல் இல்லை என்று எவரும் சொல்லார். கேட்க ஆளில்லை என்பதே மெய்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2007இல் பன்னிரண்டு நகராட்சிகளைச் சேர்த்துப் பெருநகர ஐதராபாத்து மாநகராட்சி உருவாயிற்று. தெருக்களைப் பெருக்கும் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பகுதி பெண்கள். நேரடிப் பணியில் அல்லாது புறப்பணி முறையில் அமர்த்தப்பட்டவர்கள். வருகைப் பதிவேட்டில் பொய் எழுதுகிறார்கள் என்ற புகார் இங்கும் நெடுங்காலமாக இருந்தது. எனவே 2017இல் விரல்ரேகையை வைத்து வருகை பதியும் கருவி கொண்டுவரப்பட்டது. ஏட்டில் பொய்ப்பெயர் எழுதலாம். விரலைப் பொய்யாக வைக்க முடியுமா என்று எண்ணினார்கள். முடியும் என்று சிலர் காட்டிவிட்டனர். துப்புரவுப் பணியைக் களத்தில் மேற்பார்க்கும் உதவியாளர் சிலர், தொழிலாளரின் விரல்ரேகையைச் செயற்கையாக வார்த்தெடுத்து, வராதவரை வந்தவராகப் பதிந்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது, கைதுகளும் நடந்தன. பின்னர் முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் முறை வந்தது.

அரை நூற்றாண்டுக்குள் நடந்த மாற்றத்தைக் காண வியப்பாக இருக்கிறது. அன்று சென்னையில் பொய்ப்பெயர். பின்பு ஐதராபாத்தில் பொய்விரல். கருவி மாறியதே தவிரக் களவின் அமைப்பு மாறவில்லை. அந்த அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பொதுப்பணத்தை எவனும் தன் பெயரில் எடுக்க முடியாது. கருவூலம் அவன் பெயருக்குப் பணம் தராது. தெருக்கூட்டும் ஒருத்தியின் பெயர், வெள்ளத்தில் வீடிழந்த ஒருவரின் கையெழுத்து, முதியோர் உதவித்தொகை பெறும் ஒரு கிழவியின் ரேகை என்று யாராவது ஓர் ஏழையின் பெயர் அவனுக்கு வேண்டும். முதலில் பெயர் களவு போகிறது. அதன் பிறகே பணம் போகிறது. அப்பெயருக்கு உரியவள் கணக்கில் பெற்றவள், வாழ்வில் பெறாதவள். நாளை யாராவது ஏட்டைப் புரட்டினால் குற்றவாளியாகத் தோன்றுபவளும் அவளே.

கோவலன் கதை இதுதான் அல்லவா? பாண்டியன் தேவியின் சிலம்பைச் சீர்செய்யப் பெற்றவன் அரண்மனைப் பொற்கொல்லன். அரசின் பொருள் அவன் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதைக் கவர்ந்தவனும் அவனே. ஆனால் களவு நிறைவு பெற அவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. புதிதாக ஊருக்கு வந்தவன், உறவில்லாதவன், கையில் ஒற்றைச் சிலம்போடு நின்றவன் கிடைத்தான். அந்தக் காப்பியத்தை மன்னனின் தவறு என்றும் கண்ணகியின் கற்பு என்றும் நாம் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். ஒப்படைத்த பொருளைத் தின்றவன் பழியை ஊருக்குப் புதியவன் மீது ஏற்றிய கதை என்று அதைப் படிப்பவர் குறைவு. பிழைப்புக்காக வேற்றூர் வந்தவர்கள் ஆகிய நாம் அப்படிப் படிப்பதில் தவறில்லை.

இவ்விடத்தில் ஒரு வாதத்தை எதிர்கொண்டாக வேண்டும். பொதுப்பணத்தில் கைவைப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெருநகர ஐதராபாத்து மாநகராட்சி எல்லையில் ஏறத்தாழ 67 இலட்சம் பேர் வாழ்ந்தனர். ஒருவன் 67 இலட்சம் ரூபாயைக் கவர்ந்தால் ஆளுக்கு ஒரு ரூபாய் நட்டம். ஒரு ரூபாய்க்காக எவர் அழுவார்? ஒருவனிடமிருந்து 67 இலட்சம் பறித்தால் அவன் குடும்பம் தெருவில் நிற்கும். ஊரிடமிருந்து பறித்தால் எவரும் தெருவில் நிற்பதில்லை. ஆகவே இது பாவத்தில் சிறிது என்பது அவன் கணக்கு.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. நட்டம் அப்படிப் பங்கிடப்படுவதில்லை என்பதே விடை. ஒரு பகுதிக்கு இருபது பேர் தெருக்கூட்ட வேண்டும் என்று கணக்கு. பதினான்கு பேரே வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரின் கூலி வேறெங்கோ போகிறது. அந்த ஆறு பேரின் தெருக்கள் எங்கே போகும்? பதினான்கு பெண்களின் முதுகில் ஏறும். அவர்களால் முடியாமல் விடுபடும் தெரு எது? அலுவலர் வாழும் தெருவாக இராது. முறையிடத் தெரிந்தவர் தெருவாகவும் இராது. குடிசைகள் நெருங்கிய சந்தே விடுபடும். அங்கே அடைபட்ட சாக்கடை மழைநாளில் வீட்டுக்குள் வரும். ஆக, 67 இலட்சம் பேருக்குச் சமமாகப் பங்கிட்ட ஒரு ரூபாய் என்பது ஏட்டில் மட்டுமே உள்ளது. உண்மையில் அந்தத் தொகை முழுவதும் சில நூறு குடும்பங்களிடமிருந்து, அதிலும் கொடுக்க முடியாத குடும்பங்களிடமிருந்து எடுக்கப்படுகிறது. பூதசதுக்கத்துப் பூதம் இருந்திருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுபவனையும் சேர்த்துப் பிடித்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

மழையைச் சொன்னதும் 2020ஆம் ஆண்டு அக்டோபர் நினைவுக்கு வருகிறது. ஒரே இரவில் பெய்த பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. வெள்ளத்தால் தாக்குண்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10,000 ரூபாய் வழங்கப்படும் என்று தெலங்கானா அரசு அறிவித்து, அதற்கென 550 கோடி ஒதுக்கியது. பணம் வீட்டு வாயிலில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவாகவே இருக்கலாம். வங்கிக்கு அலைய முடியாத நிலையில் இருப்பவருக்குக் கைப்பணம் உதவும். ஆனால் சில நாட்களுக்குள் புகார்கள் எழுந்தன. பத்தாயிரம் பெற்றதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குறைவாகக் கொடுத்தார்கள், பங்கு கேட்டார்கள், வெள்ளமே வராத வீட்டுக்குக் கொடுத்து மூழ்கிய வீட்டை விட்டுவிட்டார்கள் என்று மக்கள் தெருவில் வந்து நின்றனர். நவம்பரில் தேர்தல் அறிவிப்பு வந்ததும் தேர்தல் ஆணையம் அந்த உதவியை நிறுத்தி வைத்தது.

குறைவாகப் பெற்றுக்கொண்டு முழுத்தொகைக்குக் கையெழுத்திடும் ஒருவரின் நிலையை நாம் எப்படி மதிப்பிடுவது? சேற்றில் நனைந்த பாயும் பாத்திரமுமாக நிற்கிறவர், கிடைக்கிற ஐயாயிரத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சட்டத்தின் கண்ணில் அவர் பொய்ச்சான்று அளித்தவர். ஆனால் அவரையும் பங்கு கேட்டவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது அறமாகாது. ஊழலின் மிகக் கொடிய பகுதி இதுவே என்று நான் கருதுகிறேன். அது பணத்தை எடுப்பதோடு நிற்பதில்லை; இழந்தவனையும் உடந்தையாக்கிவிடுகிறது. பிறகு அவன் வாய் திறக்க மாட்டான். திறந்தால் முதலில் அவனுடைய கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வீட்டுவரி மதிப்பீட்டின்போதும், குடிநீர் இணைப்பின்போதும், வரைபட ஒப்புதலின்போதும் கைமாறும் தொகைக்கு மாமூல் என்று பெயர். அரபியிலிருந்து உருதுவின் வழியாக வந்த அச்சொல்லுக்கு வழக்கம் என்பதே பொருள். இலஞ்சம் என்று சொன்னால் நாக்கு கூசும். வழக்கம் என்று சொன்னால் கூசாது. ஒரு குற்றத்துக்கு எத்தனை அடக்கமான பெயர்! கௌடில்யர் தம் நூலில் அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டியதோடு, நீருள் வாழும் மீன் நீர் அருந்துவதைக் கண்டறிய முடியாதது போல அலுவலர் களவையும் அறிய முடியாது என்ற கருத்தில் ஓர் உவமை சொல்கிறார். அறிவுக்கூர்மை மிக்க உவமைதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீனுக்கு நீர் இயற்கை. அலுவலருக்குக் கையாடல் இயற்கையன்று. வழக்கம் என்ற சொல் செய்யும் வேலையையே இவ்வுவமையும் செய்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் பழம் சபையொன்று இதை இயற்கை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. குடவோலை முறையை மட்டும் பாடநூல்களில் படித்து நாம் பெருமை கொள்கிறோம். முப்பது குடும்புகள், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தல், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்கள், முந்நூற்று அறுபது நாள் பதவி. இவை யாவரும் அறிந்தவை. என் உள்ளத்தை ஈர்ப்பவை அங்கே உள்ள தடைகள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமன்று, அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என உறவினர் பட்டியல் நீள்கிறது. அவர்கள் பெயரும் குடத்தில் விழலாகாது.

இது முறையா என்று இன்று ஒருவர் கேட்பார். அத்தை மகன் கணக்குக் காட்டவில்லை என்பதற்காக என்னை ஏன் ஒதுக்க வேண்டும்? இன்றைய சட்டம் இதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஒருவன் குற்றத்துக்கு மற்றொருவன் பொறுப்பல்லன் என்பது நாம் அரிதில் பெற்ற நீதி. ஆயினும் அந்தச் சபையார் ஒன்றை அறிந்திருந்தனர். எடுத்த பணம் எடுத்தவன் மடியில் தங்குவதில்லை. மகள் திருமணத்தில், மைத்துனன் கடையில், மருமகன் பெயரில் வாங்கிய மனையில் போய்ச் சேர்கிறது. மேலும், வீட்டில் திடீரென வளம் பெருகியபோது எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடிய முதல் ஆட்கள் உறவினரே. அவர்கள் கேட்கவில்லை. கேளாமைக்கு ஒரு விலை வைத்தது உத்தரமேரூர்ச் சபை. தண்டனை என்பதைவிட, குடும்பத்துக்குள்ளேயே ஒரு தணிக்கையாளரை அமர்த்தும் உபாயம் என்று இதைக் கொள்வது பொருந்தும்.

அச்சபையைப் பொற்காலம் என்று போற்றிக் கைகூப்ப வேண்டியதில்லை. அது அந்தணர் சபை. நிலமும் சொந்த மனையும் உடைய ஆடவருக்கே அதில் இடம். உழுதவருக்கும் பெண்டிருக்கும் அங்கே ஓலை இல்லை. 919இல் எழுதிய விதியை இரண்டே ஆண்டில் மாற்றி 921இல் மீண்டும் எழுத வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் விதியை வளைப்பவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள் போலும்! இரண்டாம் முறை எழுதியபோதும் ஓலையில் எழுதிப் பெட்டியில் வைக்கவில்லை. எல்லாரும் வந்து போகும் இடத்தில் கல்லில் வெட்டினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சுவரில் எழுதுவதன் வலிமையை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கண்டறிந்தவர்கள் இராசத்தானத்து உழவரும் கூலியாட்களும் ஆவர். அவர்களோடு நின்றவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பது நம்மில் பலர் அறியாதது. அருணா ராய் 1946இல் சென்னையில் பிறந்தவர். இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகி, இராசத்தானத்துக்குச் சென்றார். 1990இல் தேவ்டுங்கிரி என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பை அவரும் தோழர்களும் கிராம மக்களும் சேர்ந்து தொடங்கினர். பஞ்சநிவாரண வேலைகளில் குறைந்த கூலி கொடுத்த அலுவலரைக் கேட்டபோதெல்லாம் வந்த விடை ஒன்றே: ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஏட்டைக் காட்டு என்றால், அது இரகசியம். இந்த ஒரு சொல்லை எதிர்த்தே அவர்களுடைய போராட்டம் வளர்ந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. வருகைப் பதிவேட்டிலிருந்த பெயர்கள் ஊர் நடுவே ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. தம் பெயரைக் கேட்டவர்கள் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போனதே இல்லை என்றனர். முடியாத கட்டடத்தை முடிந்ததாகக் காட்டிய தாள்களும் வாசிக்கப்பட்டன. கட்டடமோ எல்லார் கண்ணெதிரிலும் கூரையின்றி நின்றது. களவாடப்பட்ட பெயர் உரியவரிடம் திரும்பி வந்த காட்சியென்று இதைச் சொல்ல வேண்டும். அதுவரை ஏட்டில் ஊமையாகக் கிடந்த பெயருக்கு அன்று வாய் முளைத்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அறப்போராட்டம் நடந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்களின் முழக்கம். தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அதன்பின் நம் ஆந்திர மாநிலமே வழிகாட்டியாயிற்று. 2006 முதல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கணக்குகளை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும் சமூகத் தணிக்கையை இங்கே அரசே முறைப்படுத்தி நடத்தியது. கூட்டத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. கண்டறிந்த தொகை முழுவதும் வசூலானதில்லை. அது வேறு கதை.

அருணா ராய் இராசத்தானத்தில் பிறந்தவர் அல்லர். நீ யார், எங்கிருந்து வந்தாய், எங்கள் ஊர்க்கணக்கு உனக்கெதற்கு என்று அவரிடம் கேட்டிருக்க மாட்டார்களா? நம்மிடமும் அந்த வினா இருக்கிறது. வெளியார் கேட்பதற்கு முன்னரே நமக்கு நாமே கேட்டு அடங்கிவிடுகிறோம். பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் வம்பு என்பது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அறிவுரை. அதன் பின்னே உண்மையான அச்சம் உண்டு. அதை ஏளனம் செய்யேன். மொழி எல்லை சார்ந்த கிளர்ச்சிகள் எத்தனையோ நிகழ்ந்த நாட்டில், சிறுபான்மை மொழியினர் தலையை உயர்த்தாமல் நடப்பது பிழைக்கும் வழியே. ஆனால் வீட்டுவரி கட்டும்போது நாம் தமிழர் என்று எவரும் கழிவு கொடுப்பதில்லை. ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் இவ்வூர் முகவரியில் பெற்றிருக்கிறோம். 2020 டிசம்பரில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் நகரத்து வாக்காளருள் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆகவே ஒதுங்கி நிற்பது தமிழருக்கு மட்டும் உரிய குணமும் அன்று. தெலுங்கரும் உருதுக்காரரும் நம்மோடு சேர்ந்தே ஒதுங்கியிருக்கிறார்கள். சொந்த ஊர் என்று தஞ்சையையோ நெல்லையையோ சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு அங்கேயும் வாக்கில்லை, இங்கேயும் கேள்வியில்லை என்றால், எந்த ஊரின் பொதுப்பணம்தான் நம் பணம்?

பொதுப்பணத்தைப் பேணும் பழக்கம் மாநகராட்சியில் தொடங்குவதில்லை என்பதும் உண்மை. தமிழ்ச் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் கலைநிகழ்ச்சி வரை அரங்கம் நிறைந்திருக்கும். பொருளாளர் வரவுசெலவை வாசிக்க எழுந்ததும் பாதிப்பேர் காபிக்கு எழுந்து போவர். மீதிப்பேர், நம்ம பொருளாளர் தங்கமான மனிதர், கணக்கு கேட்டால் மனம் நோவார் என்று பேசாதிருப்பர். கணக்குக் கேட்பதை ஐயப்படுவதாக எண்ணுவது நம் பண்பாட்டில் ஊறிய ஒரு பிழை. உத்தரமேரூர்ச் சபையார் அப்படி எண்ணவில்லை. அங்கே கணக்குக் காட்டியவன் பெயர் குடத்தில் விழுந்தது. காட்டாதவன் பெயர் விழவில்லை. நல்ல பொருளாளருக்கு முதல் பகை கேள்வி கேட்பவர் அல்லர். கேளாமலே கைதட்டுபவர்தாம் நாளைக்கு ஒருவர் குறைகூறும்போது அவருக்குச் சான்றாக நிற்க முடியாதவர்கள்.

தார்நாகாவின் தெருக்களை விடியுமுன் பெருக்கும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. மாநகராட்சியின் ஏட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. நம் தெருவுக்கென ஏட்டில் எத்தனை பேர் உள்ளனர், எந்தெந்த நாள் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது, எவ்வளவு கூலி வழங்கப்பட்டது என்பதைக் குடிமகன் எவரும் எழுதிக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்; முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும். பட்டியல் வந்ததும் அதை முதலில் அந்தப் பெண்களிடமே படித்துக் காட்டுவது முறை. அது அவர்களுடைய பெயர். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலும் எழுதலாம். தெலுங்கில் எழுதினால் அலுவலகத்தில் எளிதாகப் படிப்பர். நம் தலைமுறையில் தெலுங்கு பேசத் தெரிந்தவர் பலர், எழுதத் தெரிந்தவர் சிலர். இங்கே பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.